மூன்று எஞ்சின், ஒரே பொத்தான்: கிளஸ்டர் ராக்கெட்டுக்கு எந்த ஏவுப்பெட்டி?

வாசகர் கேள்வி, 02.03.2024

சி6-5 கருமருந்து எஞ்சின் மூன்றை முக்கோணமாக வைத்து ஒரு கிளஸ்டர், அதாவது பல எஞ்சினை ஒரே நேரத்தில் பற்றவைக்கும் மாடல் ராக்கெட், கட்டி முடித்திருக்கிறேன். எஞ்சினோடு எடை 300 கிராம். கையில் இருப்பது மாடல் ராக்கெட் கம்பெனியான எஸ்டெஸின் எலெக்ட்ரான் பீம், நாலு டபுள்ஏ செல் போடுகிற ஏவுப்பெட்டி. ஒற்றை எஞ்சின் ராக்கெட்டுக்கு இதுவரை ஒரு தடவைகூடக் காலை வாரியதில்லை. மூன்று இக்னைட்டரின் (மின்சாரத்தில் சூடாகி எஞ்சினைப் பற்றவைக்கும் கம்பி) காலையும் முறுக்கி அதே கிளிப்பில் மாட்டினால் போதும்தானே? 12 வோல்ட் பேட்டரி வேண்டும் என்கிறார்கள், அவ்வளவு தேவையா?

02.03.2024, இரவு 9.40

போதாது. பெட்டியில் போட்டிருக்கும் 6 வோல்ட்டை விடுங்கள், தடையைக் கூட்டிப் பாருங்கள்.

புது ஆல்கலைன் டபுள்ஏ செல்லுக்கு உள்ளேயே 0.15 முதல் 0.3 ஓம் வரை தடை உண்டு. நாலு செல்லுக்கும் சேர்த்து 0.8 என்று வைப்போம். பெட்டியிலிருந்து ஏவுமேடை வரை சுமார் 5 மீட்டர் வயர், போக வர 10 மீட்டர். 22 கேஜ் (எண் கூடக் கூட வயர் மெலியும்) என்றால் 0.53 ஓம். இக்னைட்டர் ஒன்றுக்கு 0.7 ஓம்.

ஒரே இக்னைட்டர் என்றால் மொத்தம் 2.03 ஓம், 3 ஆம்பியர் போகும். எஸ்டெஸ் வகை இக்னைட்டர் பற்ற 2 ஆம்பியர் வேண்டும். அதனால்தான் இதுவரை பிசகவில்லை.

மூன்றைப் பக்க இணைப்பில் போட்டால் அவற்றின் தடை 0.23 ஓமாக இறங்கும். மொத்தம் 1.56 ஓம், 3.8 ஆம்பியர். மூன்றாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 1.3 கூடத் தேறாது. செல், வயர் இரண்டும் மாறாமல் அப்படியே இருக்கின்றன. மூன்று மடங்கு கேட்கிறீர்கள், அது கொடுப்பதோ கால் பங்குதான் கூடுதல்.

02.03.2024, இரவு 10.15

மேலே எழுதியதைப் படித்தால் "பற்றாது, அவ்வளவுதானே" என்று தோன்றும். மூன்றுமே பற்றாமல் போனால் பிரச்சினையே இல்லை. பெட்டியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருந்து பிறகு போய்ப் பார்க்கலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றில் ஒன்று மட்டும் பற்றுவதுதான்.

சி6 எஞ்சினின் உந்துவிசை ஒரே அளவில் இருப்பதில்லை. பற்றியதும் 0.2 விநாடியில் 14 நியூட்டன் வரை எகிறி, பிறகு 4.5 நியூட்டன் அளவுக்கு இறங்கி, கடைசி வரை அப்படியே எரியும். உங்கள் ராக்கெட்டின் எடை 3 நியூட்டன். ஆகவே ஒரே ஒரு எஞ்சின் பற்றினாலும் அந்த முதல் உதைப்பில் ராக்கெட் ஏவுகம்பியை விட்டுக் கிளம்பிவிடும். கிளம்பும்போது மற்ற இரண்டின் வயரையும் பிடுங்கிக்கொண்டு போகும். மேலே போனபின் இருப்பது 4.5 நியூட்டன், அதுவும் மையத்திலிருந்து தள்ளிய ஒரு மூலையில். ராக்கெட் கவிழ்ந்து படுத்துக்கொண்டே பறக்கும்.

எல்லா எஞ்சினும் பற்ற உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம், முதல் எஞ்சின் பற்றிய நொடியிலிருந்து ராக்கெட் வயரை இழுக்கும் வரைதான். 0.1 விநாடியிலிருந்து 0.2 விநாடி. கருவி தேர்வு முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

03.03.2024

அந்த அவகாசத்துக்கும் ஆம்பியருக்கும் உள்ள உறவைச் சொல்ல விட்டுவிட்டேன்.

இக்னைட்டரின் நுனிக் கம்பி சூடாக 1 ஜூல் வேண்டும் என்று ஒரு உத்தேசம் வைத்துக்கொள்ளுங்கள். 0.7 ஓமில் 2 ஆம்பியர் ஓடினால் 2.8 வாட். 1 ஜூல் சேர 0.36 விநாடி ஆகும். பக்கத்து இக்னைட்டரின் தடை 20 சதவீதம் கூடுதல் என்றால் (ஒரே பாக்கெட்டிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்) பக்க இணைப்பில் அதன் வழியே மின்னோட்டம் குறைவாகவே போகும், அதற்கு 0.43 விநாடி. இடைவெளி 70 மில்லி விநாடி. அவகாசத்தில் பாதி போயிற்று.

அதே இரண்டில் முதலாவதுக்கு 7.5 ஆம்பியர் போகும்படி கொடுங்கள். 39 வாட். முதலாவது 25 மில்லி விநாடியில், அடுத்தது 30 மில்லி விநாடியில். இடைவெளி 5 மில்லி விநாடி.

இக்னைட்டர்களை ஒன்றுபோல் ஆக்க நம்மால் முடியாது. மின்னோட்டத்தைக் கூட்டினால் அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் பொருட்டில்லாமல் சுருங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரி கேட்பது இதற்காகத்தான். 1960களில் எஸ்டெஸ் மூன்று எஞ்சின் ரேஞ்சர், கோப்ரா கிட்களை விற்ற காலத்திலேயே கிளஸ்டர்காரர்கள் கார் பேட்டரியைத் திடலுக்குத் தூக்கிக்கொண்டு போனதன் காரணமும் இதுவே.

03.03.2024, மாலை

"தொடரிணைப்பில் போட்டால் மூன்றிலும் ஒரே மின்னோட்டம்தானே, பிரியாதே" என்று கேட்டிருக்கிறார்கள். கூடாது. முதலில் அறுகிற கம்பி சர்க்யூட்டையே அறுத்துவிடும். மற்ற இரண்டும் அந்த இடத்திலேயே நின்றுபோகும். பக்க இணைப்பில் ஒன்று அறுந்தால் மற்ற இரண்டுக்கும் இன்னும் கூடுதலாகவே போகும்.

05.03.2024

பேட்டரி. விலை, எடை, பத்திரம் மூன்றையும் பார்த்தால் என் முதல் தேர்வு யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அகத்தடை 0.025 ஓம் அளவு. அமில ஒழுகல் கிடையாது. முழுச் சார்ஜில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். சும்மா வைத்திருக்கும்போதே 12.2க்குக் கீழ் இருந்தால் அன்றைக்கு அதைக் கிளஸ்டருக்கு எடுக்காதீர்கள்.

9 மீட்டர் தூரத்துக்கு 14 கேஜ் வயர் (கிட்டத்தட்ட 2 சதுர மி.மீ.) போக வர 0.15 ஓம். பேட்டரி 0.025. சுவிட்ச், கிளிப் எல்லாம் சேர்ந்து 0.05. மூன்று இக்னைட்டர் 0.23. மொத்தம் 0.45 ஓம். 26 ஆம்பியர், ஆளுக்கு எட்டரைக்கு மேல். இதே பேட்டரியை 22 கேஜ் வயரில் மாட்டினால் வயர் மட்டுமே 0.95 ஓம் தின்றுவிடும். ஆளுக்கு 3 ஆம்பியர் அளவுதான் தேறும். பேட்டரியை மாற்றிவிட்டுப் பழைய வயரையே வைத்துக்கொள்வதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு.

விமான மாடல்காரர்களின் 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் சரிவரும். 2200 மில்லி ஆம்பியர்-மணி, 25சி (கொள்ளளவைப்போல் 25 மடங்கு) என்றால் 55 ஆம்பியர் வரை தாங்கும், எடை 200 கிராம்தான். ஆனால் கிளிப் இரண்டும் முட்டிக்கொண்டால் அது அடங்காது, வீங்கித் தீப்பிடிக்கலாம். 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இல்லாமல் அதை இணைக்கவே கூடாது. ஃபியூஸ் போட்டால் ஏவும்போது அறுந்துவிடாதா என்றால், அறாது. பிளேடு ஃபியூஸ் இரண்டு மடங்கு மின்னோட்டத்திலேயே குறைந்தது 0.15 விநாடி தாக்குப்பிடிக்கும். நமக்கு வேண்டியது 0.03 விநாடி.

கெபாசிட்டர் பெட்டி பற்றியும் கேள்வி வந்தது. 10,000 மைக்ரோ ஃபாரடை 12 வோல்ட்டில் நிரப்பினால் உள்ளே இருப்பது 0.72 ஜூல். மூன்று நிக்ரோம் (சூடேறும் உலோகக் கம்பி வகை) இக்னைட்டருக்கு அது எந்த மூலைக்கு?

05.03.2024, இரவு

எஸ்டெஸ் பிஎஸ் 2 ஏவுப்பெட்டி (சி அளவு செல் ஆறு, 9 வோல்ட், 30 அடி வயர்) கிளஸ்டருக்கு ஆகுமா என்று ஒருவர். செல்களுக்கு 0.75, வயர் 18 கேஜ் என்று கொண்டால் 0.38, இக்னைட்டர் 0.23. மொத்தம் 1.36 ஓம், 6.6 ஆம்பியர், ஆளுக்கு 2.2. புது செல்லில் இரண்டு எஞ்சினுக்கு நம்பலாம். மூன்றுக்கு விளிம்பில் நிற்கிறது. நாலு ஏவல் முடிந்த செல்லில் விளிம்பையும் தாண்டிவிடும்.

09.03.2024

ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) பெட்டி. கிளஸ்டர் அடிக்கடி ஏவுகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். பேட்டரியை உங்கள் பக்கத்தில் வைக்காமல் ஏவுமேடைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது. தடித்த வயர் 2 மீட்டர் போதும். கையில் இருக்கும் பொத்தானிலிருந்து போவது ரிலே காயிலுக்கான 0.15 ஆம்பியர் மட்டும், அதற்கு மெல்லிய டெலிபோன் வயரே போதும்.

கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே. காலில் எண் அச்சிட்டிருக்கும். 85, 86 காயில். 30, 87 பெரிய மின்னோட்டம் போகும் தொடுமுனைகள். 87ஏ என்று ஐந்தாவது கால் இருந்தால் அதில் எதையும் இணைக்காதீர்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் வருகிற கால் அது. அதில் தெரியாமல் கிளிப் வயரை மாட்டினால் சுவிட்ச் போட்டவுடனே ராக்கெட் கிளம்பும்.

வரிசை இப்படி: பேட்டரியின் பிளஸ், 30 ஆம்பியர் ஃபியூஸ், கார் பேட்டரியைத் துண்டிக்கும் திருகு சுவிட்ச், ரிலேயின் 30. ரிலேயின் 87இலிருந்து சிவப்புக் கிளிப்புகள். கறுப்புக் கிளிப்புகள் நேரே பேட்டரியின் மைனஸ். திருகு சுவிட்சுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய வயர் கைப்பெட்டிக்கு வந்து, சாவி சுவிட்ச் வழியாக, விட்டால் தானே திரும்பும் பொத்தான் வழியாக, 86க்குப் போகும். 85 மைனஸுக்கு. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் 86இல். டயோடு இல்லாவிட்டால் காயில் விடும்போது எழும் மின்னழுத்தம் பொத்தானின் தொடுமுனையைக் கரிக்கும்.

கணக்கு: பேட்டரி 0.025, வயர் 4 மீட்டர் 0.033, கிளிப்பும் தொடுமுனையும் 0.05, இக்னைட்டர் 0.23. மொத்தம் 0.34 ஓம். 35 ஆம்பியர், ஆளுக்கு 12 கிட்ட.

இன்னொரு லாபமும் உண்டு. கடையில் கிடைக்கும் சின்னப் பொத்தான்கள் 3 ஆம்பியருக்கானவை. 26 ஆம்பியரை அதன் வழியே இழுத்தால் நாலு ஏவலில் உள்ளே கருகி, அதுவே 0.2 ஓம் சேர்க்கும். ரிலே வைத்தால் பொத்தானுக்கு அந்தப் பாரமே இல்லை.

ரிலே தொடுமுனை ஒட்டிக்கொண்டுவிட்டால்? அதைக் காட்ட 87க்கும் மைனஸுக்கும் இடையே ஒரு பஸ்ஸர் வைத்துவிடுங்கள்.

10.03.2024

நேற்று எழுதிய பஸ்ஸர் யோசனையை எடுத்துவிடுங்கள். 30க்கும் 87க்கும் குறுக்கே கன்டின்யுட்டி எல்இடி (இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று காட்டும் விளக்கு, 1 கிலோ ஓம் தடையோடு) வைப்பீர்கள் அல்லவா, அதன் வழியே கசியும் 10 மில்லி ஆம்பியரிலேயே சின்ன பியஸோ பஸ்ஸர் கத்தும். ரிலே நன்றாக இருக்கும்போதும் கத்தினால் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பில்லை. பதிலுக்கு ஒரு 12 வோல்ட் 5 வாட் பல்பை நிரந்தரமாக வைக்கலாமா என்றால், அதன் குளிர் தடை சில ஓம்தான். இக்னைட்டர் இல்லாவிட்டாலும் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும்.

சரியான வழி: அந்த 5 வாட் பல்பைத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏவலுக்கும் முன், ராக்கெட்டில் மாட்டுவதற்கு முன்னால், கிளிப் இரண்டையும் பல்பில் மாட்டுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில். திருகு சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ரிலே ஒட்டிவிட்டது. பேட்டரியைக் கழற்றி ரிலேயை மாற்றுங்கள். எரியாமல் இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப்பை இக்னைட்டருக்கு மாற்றலாம். பத்து விநாடி வேலை. எக்காரணம் கொண்டும் இதை விடாதீர்கள். ரிலே ஒட்டியிருந்தால் திருகு சுவிட்சைப் போடுகிற ஆளின் முகத்துக்கு எதிரே மூன்று எஞ்சின் பற்றும்.

10.03.2024, மாலை

தூரம் கேட்டவருக்கு: அமெரிக்க தேசிய ராக்கெட்டரி சங்கத்தின் பாதுகாப்பு விதி, டி எஞ்சின் வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி என்கிறது. ஒரு சி6 என்பது சி வகுப்புதான். ஆனால் மூன்றின் கணத்தாக்கை (உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு) கூட்டினால் 20 நியூட்டன்-விநாடியைத் தாண்டி இ வகுப்புக்குப் போய்விடும். 30 அடி வையுங்கள்.

14.03.2024

தொடரிணைப்பு பற்றி 3ஆம் தேதி எழுதியதற்கு ஒரு திருத்தம். வாணவேடிக்கை நடத்துகிறவர்கள் மின் தீக்குச்சிகளைத் தொடரிணைப்பில்தான் போடுகிறார்கள் என்று சுட்டிக்காட்டியது சரி. அவற்றின் நுனியில் இருக்கும் மருந்து அரை ஆம்பியர் அளவிலேயே பற்றும். 1 ஆம்பியருக்கு மேல் கொடுத்தால், முதல் கம்பி அறுவதற்குள் எல்லா நுனியும் பற்றும் சூட்டை எட்டிவிடும். நிக்ரோம் இக்னைட்டரில் அப்படி நடக்காது. நான் எழுதியது நிக்ரோமுக்குப் பொருந்தும், மின் தீக்குச்சிக்குப் பொருந்தாது. ஆனாலும் ராக்கெட்டில் மின் தீக்குச்சியையும் பக்க இணைப்பில் போடுவதையே சொல்வேன். மின்னோட்டம் குறைந்துபோய் ஒரு கம்பி முந்தி அறுந்தாலும், பக்க இணைப்பில் மற்ற இரண்டும் நின்றுபோகாது.

14.03.2024, இரவு

இக்னைட்டர் வகைகள். இதில் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எஸ்டெஸின் பழைய சோலார் இக்னைட்டரில் நுனிக் கம்பியைச் சுற்றிக் கறுப்பாக மருந்துப் பூச்சு இருக்கும். கம்பி சூடானதும் பூச்சு பற்றி, அந்தத் தீ கருமருந்தைப் பிடிக்கும். பின்னால் வந்த ஸ்டார்ட்டர்களில் அந்தப் பூச்சு இல்லை. கம்பியின் சூடு நேரடியாக எஞ்சினின் கருமருந்தைத் தொட்டே பற்றவைக்க வேண்டும். ஒற்றை எஞ்சினுக்கு இது பெரிய குறையில்லை. கிளஸ்டரில் குறைதான். 12 ஆம்பியர் போனால் கம்பி சில பத்து மில்லி விநாடியில் அறுந்துவிடும்; அதற்குள் மருந்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் பற்றும், நூலளவு விலகியிருந்தாலும் வெறும் மின்னலோடு போய்விடும். வலுவான பேட்டரி வாங்கியபின் "முன்பைவிட அதிகம் ஏமாற்றுகிறது" என்று சொல்பவர்களின் எஞ்சினைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

செய்முறை: எஞ்சினை நாசில் (தீ வெளியேறும் வாய்) மேலே பார்க்க நிறுத்துங்கள். இக்னைட்டரை உள்ளே விடுங்கள், அடியில் முட்டி நிற்பது விரலில் தெரியும். அந்த இடத்தில் வைத்தபடியே அதைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் பிளக்கைப் போட்டு, பேனா மூடியின் முனையால் அழுத்துங்கள். எஸ்டெஸ் பிளக்குகளின் நிறம் நாசில் அளவுக்கு ஏற்ப மாறும்; எஞ்சின் பாக்கெட்டோடு வந்த நிறத்தையே போடுங்கள். பிறகுதான் முக்கியமான இடம். காலை வெளிப்பக்கம் மடக்கும்போது பிளக்கை மறு கைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மடக்குகிற இழுப்பில் நுனி ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கும். வெளியே பார்த்தால் எதுவுமே தெரியாது.

எளிதில் பற்றும் வகைகள், அதாவது மின் தீக்குச்சியும் தயாரிப்பு நின்றுபோன குவெஸ்ட் க்யூ2ஜி2 போன்றவையும், கிளஸ்டருக்கு இன்னும் நல்லவை. குறைந்த மின்னோட்டத்தில் பற்றும், தீயும் பெரிது. ஆனால் எலெக்ட்ரான் பீம் மாதிரி இழை பல்பை வைத்துக் கன்டின்யுட்டி காட்டும் பெட்டியில் இவற்றை மாட்டவே கூடாது. சாவியைச் செருகியதும் அந்த பல்பு வழியே போகும் மின்னோட்டமே இவற்றைப் பற்றவைத்துவிடும், பொத்தானை யாரும் தொடாமலே. எல்இடி வைத்த பெட்டி மட்டும்.

ஒரு ராக்கெட்டில் இரண்டு வகையைக் கலக்காதீர்கள். மின் தீக்குச்சி சில மில்லி விநாடியில் பற்றும், நிக்ரோம் பின்தங்கும். ஒரே பாக்கெட், ஒரே வகை.

வீட்டில் மருந்து கலந்து நுனியில் தோய்ப்பது பற்றிக் கேட்காதீர்கள், பதில் எழுத மாட்டேன். எஞ்சினும் அப்படியே. சான்று பெற்ற கம்பெனி எஞ்சின், கம்பெனி இக்னைட்டர்.

15.03.2024

விட்டது ஒன்று. காம்போசிட் (ரப்பர் கலந்த கெட்டி எரிபொருள்) எஞ்சினையும் கருமருந்து எஞ்சினையும் ஒரே கிளஸ்டரில் தரையிலிருந்து ஏற்றாதீர்கள். காம்போசிட்டில் இக்னைட்டரை உள்துளையின் மேல் முனை வரை ஏற்ற வேண்டும், பற்றி அழுத்தம் எழ நேரம் பிடிக்கும். கருமருந்து அதற்குள் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

18.03.2024

கன்டின்யுட்டி விளக்கு எரிகிறது, அப்படியென்றால் மூன்றும் சரிதானே? இல்லை. பக்க இணைப்பில் மூன்றில் ஒன்று நன்றாக இருந்தாலே விளக்கு எரியும். மற்ற இரண்டும் அறுந்திருந்தாலும் அதே பிரகாசம். கிளஸ்டரில் அந்த விளக்கு சொல்வது "ஏதோ ஒன்று மாட்டியிருக்கிறது" என்பதை மட்டும்.

மல்டிமீட்டரில் மொத்தத் தடையை அளந்து கண்டுபிடிக்கலாம் என்பதும் நடக்காது. மூன்றும் நன்றாக இருந்தால் 0.23, இரண்டு என்றால் 0.35. மலிவான மீட்டர் 0.1 ஓம் படியில்தான் காட்டும், அதன் சோதனை வயரே 0.3 ஓம் இருக்கும்.

அதனால் ஒவ்வொன்றாகத்தான். மீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் இரு முனையையும் முட்டவைத்து வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் போடுவதற்கு முன் ஒவ்வொரு இக்னைட்டரையும் அளந்து, அந்த எண்ணைக் கழியுங்கள். 0.5க்கும் 1 ஓமுக்கும் இடையே இருப்பதை வையுங்கள். கிட்டத்தட்ட சமமான மூன்றை ஒரு ராக்கெட்டுக்கு எடுங்கள். பிளக் போட்டு மடக்கியபின் மறுபடி ஒருமுறை, வெளியிடத்தில், நாசில் யாரையும் பாராமல். மடக்கும்போது கம்பி உள்ளே முட்டி ஷார்ட் ஆனால் எண் பூஜ்யத்துக்கு இறங்கும், அறுந்தால் 1 என்று ஓரத்தில் நிற்கும். இந்த இரண்டாவது அளவைக்கு முன், உங்கள் மீட்டர் ஓம் அளக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் விடுகிறது என்று இன்னொரு மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர் 1 மில்லி ஆம்பியர் சுற்றில் இருக்கும். பழைய முள் மீட்டர்கள் குறைந்த ஓம் வரிசையில் பல மடங்கு விடும், அவற்றை எஞ்சின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

18.03.2024, இரவு

இணைப்பு. மூன்று இக்னைட்டரின் காலை முறுக்கி ஒரே முதலைக் கிளிப்பில் கவ்வவைக்கலாம் என்று கேள்வியில் இருந்தது. மூன்று வரை முடியும், ஆனால் கிளிப்பின் பல் வெளிக் கம்பிகளை மட்டும் கடித்து நடுக்கம்பியை விட்டுவிடும்.

கிளிப் குஞ்சம் செய்வது மேல். 18 கேஜ் நெகிழ்வு வயர் 25 செ.மீ. துண்டு ஆறு, சின்ன முதலைக் கிளிப் ஆறு. மூன்று சிவப்பின் மறுமுனையை ஒன்றாக முறுக்கிச் சால்டர் வையுங்கள், மூன்று கறுப்பும் அப்படியே. கிளிப்பிலும் திருகோ நசுக்கலோ வேண்டாம், சால்டர்தான். எல்லாத் துண்டும் ஒரே நீளம். ஒவ்வொரு இக்னைட்டருக்கும் ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு.

மாட்டியபின் கண்ணை ராக்கெட்டின் அடிப்பக்க மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஆறு கிளிப், சின்ன இடம். ஒரு சிவப்பின் பல் பக்கத்துக் கறுப்பின் முதுகை உரசிக்கொண்டிருக்கும். அல்லது ஒரு கிளிப் தொங்கி, தீயைத் தடுக்கும் எஃகுத் தட்டைத் தொடும். எதிர்நிறக் கிளிப்பும் தட்டைத் தொட்டால் மொத்த மின்னோட்டமும் தட்டு வழியே போய்விடும். கிளிப்பின் முதுகில் மாஸ்கிங் டேப் சுற்றுங்கள், தட்டின் மேல் ஒரு பீங்கான் ஓடு வையுங்கள், இரண்டும் தீரும். குஞ்சத்தின் எடை இக்னைட்டரை இழுக்காதபடி, வயரை ஏவுகம்பியின் அடியில் ஒரு டேப் போட்டு நிறுத்துங்கள்.

ஒவ்வொரு ஏவலுக்குப் பிறகும் கிளிப்பின் பல்லில் கரி படியும். அந்தக் கரி 0.1 முதல் 0.3 ஓம் வரை சேர்க்கும். இருநூறாம் நம்பர் உப்புத்தாளை மடித்துப் பல்லிடுக்கில் இரண்டு இழுப்பு.

19.03.2024

முதலில் பற்றும் எஞ்சின் தன் இக்னைட்டரைத் துப்பும்போது அந்த வயர் பறந்து மற்றவற்றை ஷார்ட் ஆக்காதா என்றால், ஆக்கும். அதற்கும் பதில் வேகம்தான். எல்லாம் 30 மில்லி விநாடியில் பற்றிவிட்டால் பறக்கிற வயர் எதைத் தொட்டாலும் கவலையில்லை.

23.03.2024

உங்கள் பெட்டி உண்மையில் எவ்வளவு தரும் என்று இக்னைட்டரை வீணாக்காமல் அறிய: கார் ஹெட்லைட்டுக்கான 12 வோல்ட் 55 வாட் ஹாலோஜன் பல்பு ஒன்று. கிளிப்பில் மாட்டுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பேட்டரி முனையில் வோல்ட் அளவிடுங்கள், கிளிப்பில் வோல்ட் அளவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 4.5 ஆம்பியரால் வகுத்தால் வயர், சுவிட்ச், ரிலே, கிளிப் எல்லாம் சேர்ந்த தடை வரும். 0.2 ஓமுக்குள் இருக்க வேண்டும், அதாவது வித்தியாசம் 0.9 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ரிலே பெட்டியில் 0.4 வோல்ட்டே அதிகம். பல்பை விரலால் தொடாதீர்கள், சூடு.

அதன்பின் மூன்று இக்னைட்டரை எஞ்சின் இல்லாமல் வெறும் குஞ்சத்தில் மாட்டி, போன் கேமராவை விநாடிக்கு 240 ஃபிரேமில் வைத்துப் படமெடுங்கள். ஒரு ஃபிரேம் 4 மில்லி விநாடி. மூன்று நுனியும் இரண்டு மூன்று ஃபிரேமுக்குள் ஒளிர்ந்தால் பெட்டி தயார். பத்து ஃபிரேம் தள்ளி ஒன்று ஒளிர்ந்தால் பெட்டியில் இன்னும் தடை ஒளிந்திருக்கிறது.

வாசகர், 30.03.2024

ரிலே பெட்டி செய்துவிட்டேன். பல்பு சோதனையில் பேட்டரியில் 12.4, கிளிப்பில் 11.1. வித்தியாசம் 1.3 வோல்ட். வயர் 14 கேஜ், 2 மீட்டர்தான். எங்கே போகிறது?

30.03.2024, இரவு

1.3ஐ 4.5ஆல் வகுத்தால் 0.29 ஓம். வயருக்கு 0.033தான் உரியது. மீதி ஏதோ ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பல்பு எரியும்போதே மீட்டரை ஒவ்வொரு துண்டுக்கும் குறுக்கே வையுங்கள்: ஃபியூஸின் இரு பக்கம், திருகு சுவிட்சின் இரு பக்கம், ரிலே 30க்கும் 87க்கும், குஞ்சத்தின் முறுக்குக்கும் கிளிப் பல்லுக்கும். எங்கே பெரிய எண் வருகிறதோ அங்கே.

வாசகர், 31.03.2024

ஃபியூஸ் பிடிப்பானில் 0.9 வோல்ட். அதன் வயர் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து நசுக்கப்பட்டிருந்தது. வெட்டி, உறையைச் சீவி, சால்டர் வைத்தேன். இப்போது மொத்த வித்தியாசம் 0.38.

31.03.2024, இரவு

0.38 என்றால் 0.085 ஓம். பேட்டரியின் 0.025, இக்னைட்டரின் 0.23 சேர்த்தால் 0.34. ஆளுக்கு 12 ஆம்பியர் கிட்ட. ஏவலாம். கேமரா சோதனையை ஏவும் அன்று காலையில் செய்யுங்கள், முந்தைய நாள் வேண்டாம். மோட்டார் குழல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியையும் ஒருமுறை பாருங்கள். அடைக்காமல் விட்டால் பாராசூட்டைத் தள்ள வேண்டிய வாயு பின்பக்கமாகவே போய்விடும்.